யார் தொட்டது? எது மாறியது?

கொழும்பில் ஒரு கணினி அசையாமல் நின்றுவிட்டால் அது ஒரு தொல்லை. பதுளை மாவட்டத்துத் தோட்டமொன்றில் நின்றுவிட்டால் அது ஒரு வழக்கு. கொழும்பில் இருப்பவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குப் போவார். மாலைக்குள் ஏதாவதொரு விடை கிடைத்துவிடும். தோட்டத்தில் இருப்பவர் லயத்திலிருந்து பிரதான வீதிக்கு இறங்க வேண்டும், பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும், பதுளை நகரில் கடை தேட வேண்டும். போகிறவருக்கு ஒரு நாட்சம்பளம் இல்லாமற்போகும். எனவே பெட்டி மலையிறங்குவதற்கு முன்னரே மேலே ஒரு விசாரணை நடந்து முடிந்துவிடும். அந்த விசாரணையின் முதற்கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "யாரு தொட்டது?"

அந்தக் கேள்வி பிழையானது என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். இது கணினிப் பழுதொன்றைப் பற்றிய பதிவுதான். ஆனால் நிபுணர்களுக்கானது அல்ல. நான் கலைப் பட்டதாரி. மின்னணுவியல் படித்தவன் அல்லன். செய்தி அறையில் ஏறக்குறைய முப்பதாண்டுகள் கணினிகளோடு மல்லுக்கட்டியதில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: பழுதைக் கண்டுபிடிப்பதும் செய்தியை உறுதிப்படுத்துவதும் ஒரே வகையான வேலை. எப்போது தொடங்கியது, அதற்குச் சற்று முன்னர் என்ன நடந்தது, இரண்டாவது ஆதாரம் உண்டா என்ற மூன்று கேள்விகளே இரண்டுக்கும் போதுமானவை.

2022 மார்ச் மாதம். நாடெங்கும் மின்வெட்டு, அம்மாத இறுதியில் அது நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை நீண்டது. எரிபொருளுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, கண்ணெதிரே சரிந்துகொண்டிருந்த ரூபா. நெருக்கடி தோட்டங்களை எப்படித் தாக்கியிருக்கிறது என்று பார்த்தெழுதப் பசறைப் பக்கம் போயிருந்தேன். நமுனுகுல மலையின் அடிவாரத்தில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே பழைய பிள்ளை மடுவத்தின் ஓர் அறையில் இளைஞர்கள் சிலர் மாலை வகுப்பு நடத்தி வந்தனர். அத்தோட்டத்திலிருந்து வெளிநாடு போன ஒருவர் அனுப்பிய பணத்தில் வாங்கிய, பாவித்த மேசைக் கணினி ஒன்று அவ்வறையில் இருந்தது. விண்டோஸ் 10 அமைப்பு. 2021 டிசம்பரில் வந்து சேர்ந்த பெட்டி.

ஒரு பாவித்த கணினியின் மதிப்பை விளங்கிக்கொள்ள அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. இணையவழிக் கல்வி என்றார்கள். ஊவாவின் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் 2021இல் அலைவரிசை தேடிக் காட்டு வழியே நடந்து பாறை உச்சிக்கு ஏறிப் படித்த காட்சி உலகச் செய்தியானது. தோட்டத்துப் பிள்ளைகளும் அப்படித்தான் படித்தார்கள். தேயிலை மலையில் ஏதோவொரு மேட்டில், அம்மாவின் கைத்தொலைபேசியோடு. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ்மொழிப் பாடங்கள் இருக்கின்றன என்பது அவர்களுக்குத் தெரியும். அவற்றைப் பெரிய திரையில், கூரையின் கீழ் அமர்ந்து பார்க்கக் கிடைத்த முதல் வாய்ப்பு அந்தப் பெட்டி.

நான் போனபோது அது பழைய சேலையொன்றால் போர்த்தப்பட்டிருந்தது. பத்து நாட்களாக எவரும் அதை இயக்கவில்லை. பழுது இதுதான்: பத்து நிமிடமோ அரை மணித்தியாலமோ ஒழுங்காக ஓடும். பிறகு திரை ஓவியம்போல் நின்றுவிடும். சுட்டி அசையாது. எந்தச் சாவியை அழுத்தினாலும் பதிலில்லை. மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் போட்டால் உயிர் வரும். சற்று நேரத்தில் மறுபடியும் அதே நிலை.

சந்தேகநபர்கள் மூவர் இருந்தனர். முதலாவது, கறண்ட், வந்து வந்து போகும் மின்சாரம் பெட்டியைக் கெடுத்துவிட்டது என்றார்கள். இரண்டாவது, மலையின் ஈரமும் பனிமூட்டமும். மூன்றாவது, பதினோராம் தரத்தில் படிக்கும் ஒரு பையன். முதல்முறை திரை நின்றபோது அதன் முன்னால் அமர்ந்திருந்தவன் அவன். முதலிரண்டு பேரையும் தண்டிக்க முடியாது. ஆகவே மூன்றாமவன் தண்டிக்கப்பட்டான். என்னவோ படம் இறக்கியிருக்கிறான், வைரஸ் புகுந்துவிட்டது என்று பேச்சு. அவன் வகுப்புக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். 2021ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை, பிற்போடப்பட்டு, 2022 மே மாதம் நடக்கவிருந்தது. அவனுக்கு இரண்டு மாதங்களே எஞ்சியிருந்தன.

இதற்கிடையில் நகரத்துக் கடையொன்றில் விசாரித்திருக்கிறார்கள். பெட்டியைப் பார்க்காமலேயே, "மதர்போர்ட் போயிருக்கும், முப்பத்தைந்தாயிரம் ஆகும்" என்று சொல்லியிருக்கிறார்கள். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 மார்ச்சில்தான் ஆயிரம் ரூபாவாகியிருந்தது. அதாவது, முப்பத்தைந்து நாட்கள் கொழுந்தெடுத்தால் ஒரு மதர்போர்ட்.

வகுப்பை நடத்திய இளம் ஆசிரியை தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சேர், அவன் ஒண்ணும் செய்யலனுதான் நான் நெனைக்கிறேன். ஆனா அவன் ஒக்காந்திருக்கும்போதுதான நின்னுச்சு?"

"சரி மகள். அவன் உட்கார்ந்ததற்கு முன்னர் என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

அவர் ஓர் இடாப்பை எடுத்துவந்தார். யார் எத்தனை மணிக்கு அமர்ந்தார், எத்தனை மணிக்கு எழுந்தார், என்ன பாடம் என்று நாள்தோறும் எழுதிவந்த சாதாரண அப்பியாசக் கொப்பி. நான் பார்த்த ஆவணங்களில் அதைவிட நேர்த்தியானவை குறைவு. டிசம்பரின் கடைசி வாரத்திலிருந்து இரண்டு மாதங்கள், ஒரு பழுதும் இல்லை. பிறகு ஒரு புதன்கிழமை மாலை, பையனின் பெயருக்கு நேரே "நின்றுவிட்டது" என்ற குறிப்பு. அதற்கு முந்தைய நாள், செவ்வாய்க்கிழமையின் கடைசி வரி: "இன்று வைஃபை போடப்பட்டது."

நலன்விரும்பி ஒருவர் கொழும்பிலிருந்து வந்து 4ஜி ரவுட்டர் ஒன்றையும், கணினியில் செருகுவதற்கு விரல் நகமளவு வைஃபை அடாப்டர் ஒன்றையும் அன்பளிப்புச் செய்து, அவரே பொருத்திக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பெட்டியோடு வந்த சிறிய இறுவட்டிலிருந்து அதற்கான மென்பொருளையும் நிறுவியிருக்கிறார். எல்லோரும் கைதட்டியிருக்கிறார்கள். மறுநாள் மாலை திரை நின்றபோது எவருக்கும் அந்த அடாப்டர் நினைவுக்கு வரவில்லை. நன்கொடையை யார்தான் சந்தேகிப்பார்?

விண்டோஸும் தன் பங்குக்கு ஓர் இடாப்பு வைத்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. தேடல் பெட்டியில் "ரிலையபிலிட்டி" என்று ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்தால் ஒரு நாட்காட்டி விரியும். எந்த நாளில் எந்த மென்பொருள் நிறுவப்பட்டது, எந்த நாளில் கணினி ஒழுங்காக மூடப்படாமல் நின்றது என்பதெல்லாம் அதில் இருக்கும். சேலையை விலக்கி, கணினியை இயக்கி, அதைத் திறந்து பார்த்தோம். செவ்வாய்க்கிழமை ஒரு புதிய இயக்கி மென்பொருள் நிறுவப்பட்டிருந்தது. புதன் முதல் வரிசையாகச் சிவப்புக் குறிகள். இரண்டு இடாப்புகளும் ஒரே சாட்சியத்தைச் சொல்லின.

சாட்சியம் கிடைத்துவிட்டதென்று தீர்ப்பெழுதிவிடக் கூடாது. ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்ததால் முன்னது காரணமாகிவிடாது. பரிசோதிக்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். முதலில், கணினியைப் பாதுகாப்பு முறையில் இயக்கினோம். 'சேஃப் மோட்' என்று சொல்வார்களே, அதுதான். அந்த முறையில் விண்டோஸ் தன் உயிர்வாழ்வுக்குத் தேவையான அடிப்படை இயக்கிகளை மட்டுமே ஏற்றும். வைஃபைக்கு அங்கே இடமில்லை. ஒரு மணித்தியாலம் ஓடியது, நிற்கவில்லை. மதர்போர்ட் போயிருந்தால் பாதுகாப்பு முறையிலும் நின்றிருக்கவே வாய்ப்பு அதிகம். அடுத்து, அடாப்டரைக் கழற்றிவிட்டு வழமையான முறையில் இயக்கினோம். மின்வெட்டு நேரம் வரும்வரை ஓடியது. மறுநாள் காலை அடாப்டரை மறுபடி செருகி, ஈ-தக்சலாவவிலிருந்து ஒரு காணொளிப் பாடத்தை இறக்கத் தொடங்கினோம். இருபது நிமிடம் ஆகவில்லை, திரை நின்றது.

அப்போது கெப்ஸ் லொக் சாவியை அழுத்திப் பார்த்தேன். விசைப்பலகையின் சிறு விளக்கு மாறவில்லை. வாசகர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. திரை நின்றிருந்தும் அந்த விளக்கு மாறி மாறி எரிந்தால், கணினி உயிரோடுதான் இருக்கிறது, ஏதோ ஒரு மென்பொருள் மட்டும் திணறுகிறது, பொறுத்திருக்கலாம். விளக்கே மாறவில்லையென்றால் அநேகமாக அமைப்பின் அடித்தளமே உறைந்துவிட்டது. கோளாறு அடியில், வன்பொருளிலோ இயக்கியிலோ இருக்கும்.

இயக்கி என்றேன். ஆங்கிலத்தில் டிரைவர். சாரதி என்று மொழிபெயர்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். பொருள் அப்படியொன்றும் பிழையில்லை. ஒரு கருவியை எப்படி ஓட்டுவது என்று கணினிக்குச் சொல்லும் சிறு மென்பொருள் அது. சிறிதென்றாலும் அதற்குரிய அதிகாரம் பெரிது. கோவிலை நினைத்துப் பாருங்கள். நாம் பாவிக்கும் எழுத்துச் செயலி, உலாவி, பாட்டுக் கேட்கும் மென்பொருள் எல்லாம் வெளி மண்டபத்தில் நிற்கும் பக்தர்கள். அவர்களில் ஒருவர் மயங்கி விழுந்தால் தூக்கி ஓரமாகக் கிடத்திவிட்டுப் பூசை தொடரும். இயக்கிகளுள் பெரும்பாலானவை மூலஸ்தானத்துக்குள் நுழைய அனுமதி பெற்றவை. அங்கே ஒன்று தடுமாறினால் பூசையே நின்றுவிடும். பிழையான வைஃபை இயக்கி செய்வது இதுதான். "ஒரு நொடி பொறுங்கள், எனக்கு மட்டும் வழி விடுங்கள்" என்று செயலியைப் பிடித்துக்கொள்ளும், பிறகு விடாது. சுட்டி, விசைப்பலகை, திரை எல்லாம் அதன் பின்னால் வரிசையில் நிற்கும். தரவு மிகுதியாக ஓடும்போதே இது அதிகம் நேரும். பெரிய காணொளி இறக்கும்போது நின்றதன் காரணம் அதுவே. பையன் இறக்கியது என்ன படம் என்று பின்னர் இடாப்பில் பார்த்தோம். பதினோராம் தர விஞ்ஞானம்.

சாதன மேலாளரைத் திறந்து அடாப்டரின் இயக்கியைப் பார்த்தேன். அதன் திகதி 2010. விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலையில். விண்டோஸ் 7க்காக எழுதப்பட்ட இயக்கி, அதற்குப் பிந்திய அமைப்பொன்றின் மூலஸ்தானத்தில் நின்றுகொண்டிருந்தது. பழைய இயக்கிகளைப் புதிய விண்டோஸ் பல வேளைகளில் ஏற்றுக்கொள்ளும். பல வேளைகளில் அவை வேலையும் செய்யும். அதனால்தான் இந்தப் பழுது ஏமாற்றுகிறது. ஒரேயடியாக மறுத்துவிட்டால் எல்லோருக்கும் விளங்கும். பத்து நிமிடம் நடித்துவிட்டு நின்றால் பழி வேறெங்கோ போகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அடாப்டரின் பெட்டியில் உள்ள பெயரை நம்ப முடியாது. உள்ளே இருக்கும் சில்லு எது என்பதே முக்கியம். நெட்கியர் நிறுவனத்தின் டபிள்யூஜி111 என்ற அடாப்டர் இதற்குப் பழைய உதாரணம். முதற்பதிப்பில் ஒரு நிறுவனத்தின் சில்லு, இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் நிறுவனத்தின் சில்லு. பெயர் ஒன்று, இயக்கி வேறு. பதிப்பு எண் சிறிய எழுத்தில் ஒரு மூலையில் இருக்கும். பெயரே இல்லாத மலிவு அடாப்டர்களில் அந்த மூலையும் இருக்காது. ஆனால் சாதன மேலாளரின் விவரப் பகுதியில் ஒவ்வொரு யூஎஸ்பி கருவிக்கும் தயாரிப்பாளர் எண், பொருள் எண் என்ற இரண்டு அடையாளங்கள் இருக்கும். கருவியின் தேசிய அடையாள அட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்களை இணையத்தில் தேடினால் சில்லின் பெயர் தெரிந்துவிடும்.

தீர்வு எளிமையானது. பழைய இயக்கியை அகற்றும்போது "இயக்கி மென்பொருளையும் அழித்துவிடு" என்ற கட்டத்தில் குறியிட்டோம். அதைச் செய்யாவிட்டால் அடாப்டரைச் செருகியதும் விண்டோஸ் பழையதையே மறுபடி எடுத்துப் பொருத்தும். இறுவட்டிலிருந்து வந்த துணை மென்பொருளையும் நீக்கினோம். புதிய இயக்கியை எடுப்பதற்கு இணையம் வேண்டும். இணையத்துக்கு அடாப்டர் வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்க, ஆசிரியையின் கைத்தொலைபேசியை யூஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்து, அதன் தரவு இணைப்பைக் கடன் வாங்கினோம். விண்டோஸ் தானாகவே பொருத்தமான புதிய இயக்கியைத் தேடி எடுத்தது. அடாப்டரை முன்பக்கத்துச் செருகுவாயிலிருந்து பின்பக்கத்துக்கு மாற்றினோம். மதர்போர்டோடு நேரடியாக இணைந்த பின்வாய்களில் மின்சாரம் சீராகக் கிடைக்கும். மின்சேமிப்புக்காக அடாப்டரை அணைத்துவிடும் தெரிவையும் நீக்கினோம். இவ்வளவுக்கும் செலவு, தொலைபேசித் தரவுக்கான சில ரூபாக்கள். நான் மலையிறங்கிய பிறகு ஒரு வாரம் ஆசிரியை மாலைதோறும் தொலைபேசியில் அறிக்கை தந்தார். மின்வெட்டுக்கு மட்டுமே நின்றது.

இப்படிப்பட்ட தொல்லை தோட்டத்துக்கு மட்டும் உரியதன்று. லினக்ஸ் பாவித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். புரோட்கொம் சில்லுகளோடு பட்ட பாட்டைச் சொல்வார்கள். அந்நிறுவனம் விவரங்களை வெளியிடாததால், ஆர்வலர்கள் சில்லின் நடத்தையைத் தலைகீழாக ஆராய்ந்து இயக்கி எழுத வேண்டியிருந்தது. 2006இல் அது லினக்ஸ் கருவுக்குள் சேர்ந்தது. நிறுவனம் தானாகவே புதிய சில்லுகளுக்குத் திறந்த இயக்கியை வெளியிட்டது 2010இல்தான்.

மூலஸ்தானத்தில் ஒன்று தடுமாறினால் என்னவாகும் என்பதை உலகமே பார்த்தது 2024 ஜூலை 19ஆம் திகதி. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பு ஒன்று, மைக்ரோசொஃப்ட்டின் மதிப்பீட்டின்படி, ஏறக்குறைய 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. விமானங்கள் நின்றன; மருத்துவமனைகளும் வங்கிகளும் தடுமாறின. அன்று எந்த விமான நிலையத்திலும், முதலாவது திரை நீலமானபோது அதன் முன்னால் அமர்ந்திருந்த ஊழியரை அழைத்து, "நீதானே தொட்டாய்?" என்று எவரும் கேட்டதாகச் செய்தி வரவில்லை. புதுப்பிப்பில் என்ன மாறியது என்றுதான் கேட்டார்கள்.

பசறைப் பையனிடம் மட்டும் ஏன் வேறு கேள்வி? தோட்டத்தின் வரலாற்றில் விடை இருக்கிறதென்று நினைக்கிறேன். கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்றும் கூடைக்கென்றும் கிலோக் கணக்கில் கழிக்கப்படும். தராசைக் கேள்வி கேட்டவர் எத்தனை பேர்? நிறை குறைந்தால் எடுத்தவளின் குறை. தலைமுறை தலைமுறையாக மேலிருந்து கேட்கப்பட்ட "யாரு?" என்ற கேள்வியை நாமும் கற்றுக்கொண்டு நம் பிள்ளைகளிடம் கேட்கிறோம். கணினியைத் தொட்டால் பழி வரும் என்று ஒரு பிள்ளை கற்றுக்கொண்டால், அதற்குப் பிறகு எத்தனை கணினி அனுப்பினாலும் அது சேலைக்கு அடியில்தான் இருக்கும்.

அந்தப் பையனை வீட்டிலிருந்து அழைத்துவரச் சொன்னேன். ஆசிரியையே போய் அழைத்துவந்தார். கடைசிப் பரிசோதனையில் அடாப்டரைச் செருகும் வேலையை அவனிடம் கொடுத்தோம். இடாப்பில் நேரத்தைக் குறித்தவனும் அவன்தான். அவனிடம் எவரும் மன்னிப்புக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அடுத்த வாரம் மற்றப் பிள்ளைகளுக்கு பாதுகாப்பு முறையை அவன் விளக்கினான் என்று ஆசிரியை சொன்னார்.

புலம்பெயர்ந்த நண்பர்கள் பலர் தத்தம் ஊருக்கும் தோட்டத்துக்கும் கணினி அனுப்புகிறார்கள். அவர்களிடம் சில வேண்டுகோள்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. பாவித்த பழைய பெட்டிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்காது. லினக்ஸுக்கு மாற்றுவோர் தொகை கூடுகிறது; அடாப்டர் தகராறும் அதனோடு வரும். எனவே அனுப்பும் பெட்டியிலேயே, அனுப்பும் அமைப்பிலேயே, அனுப்பும் அடாப்டரைச் செருகி ஒரு முழு நாள் ஓடவிட்டுப் பாருங்கள். பொருத்தமான இயக்கியை ஒரு யூஎஸ்பி தண்டில் போட்டு உடன் வையுங்கள். சில்லின் பெயர், இயக்கியின் திகதி, நின்றுவிட்டால் முதலில் எதைக் கழற்ற வேண்டும் என்பவற்றை ஒரு தாளில் தமிழில் எழுதுங்கள். ரவுட்டரும் கணினியும் ஒரே அறையில் இருக்கப்போகின்றனவென்றால் அடாப்டரே வேண்டாம். பத்து மீற்றர் கம்பி போதும். இடிமழைக் காலத்தில் கழற்றிவைக்கச் சொல்லுங்கள்.

கூடவே ஓர் அப்பியாசக் கொப்பியும் அனுப்புங்கள். முதற்பக்கத்தில் "இன்று என்ன மாறியது?" என்று தலைப்பிட்டு அனுப்பினால் இன்னும் நல்லது.